இசை மென்பொருளில் வீடியோ ஏன் திணறுகிறது?

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டைப் பற்றிய ஆவணப்படத்துக்கு ஒருவர் பின்னணி இசை அமைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடிவாசலைத் தாண்டிப் பாயும் காளையின் முன்கால் மண்ணில் பதியும் அதே ஃபிரேமில் (வீடியோவின் ஒரு தனிப் படத்தில்) உறுமி ஒலிக்க வேண்டும். க்யூபேஸ், ரீப்பர், லாஜிக் என இசை மென்பொருள் எதுவானாலும் மூன்று நொடி பின்னே போய் ஓட்டிப் பார்ப்பதும், மறுபடி பின்னே போவதும்தான் வேலை. அங்கேதான் படம் உறைந்து நிற்கிறது. ஒலி முன்னே ஓடிவிடுகிறது. உடனே புதுக் கம்ப்யூட்டருக்கு விலை விசாரிக்கக் கிளம்புகிறார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு. கோளாறு கோப்பின் அமைப்பில் இருக்கிறது.

எடிட்டரிடமிருந்து வரும் எம்பி4 கோப்பு பெரும்பாலும் எச்.264 முறையில் சுருக்கப்பட்டிருக்கும். அதில் முழுப் படமாகப் பதிவாகும் கீஃபிரேம் எப்போதாவதுதான் வரும். இடையில் உள்ளவை, அக்கம்பக்கத்து ஃபிரேம்களிலிருந்து எது மாறியது என்பதை மட்டும் குறித்து வைத்திருக்கும். கீழமாசி வீதி மளிகை மண்டி ஒன்றில் தினசரி இருப்பை எழுதாமல் வரவு செலவை மட்டும் எழுதிவந்தால், புதன்கிழமை இருப்பைச் சொல்ல, கடைசியாகக் கணக்கு முடித்த பக்கத்துக்குப் போய் அங்கிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும் அல்லவா? மென்பொருளும் அதைத்தான் செய்கிறது. வீடியோவை இப்படிச் சுருக்கப் பரவலாகப் பயன்படும் எக்ஸ்264 என்கோடரின் இயல்பான அமைப்பில் கீஃபிரேம்களுக்கு இடையே 250 ஃபிரேம் வரை இருக்கலாம். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் அது 10 நொடி. ஒன்பதாவது நொடியில் சொடுக்கினால், இருநூற்றுச் சொச்சம் ஃபிரேம்களை அவிழ்த்த பிறகே நாம் கேட்ட படம் திரைக்கு வரும்.

இதற்கிடையில் ஒலியும் காத்திருக்காது. ஒலியை நொடிக்கு 48,000 சாம்பிளாக (48,000 ஹெர்ட்ஸ்) நறுக்கி, ஒரு தவணைக்கு 256 சாம்பிள் (இதுதான் பஃபர்) அனுப்பினால், 5.3 மில்லிநொடிக்கு ஒருமுறை அடுத்த ஒலித்துண்டு தயாராகிவிட வேண்டும். தவறினால் 'டப்' என்று வெடிக்கும். ஒரு ஃபிரேம் விடுபட்டால் கண் பொறுத்துக்கொள்ளும், காது பொறுக்காது. அதனால் முதல் மரியாதை ஒலிக்கு. மிஞ்சிய திறன்தான் படத்துக்கு.

ஆகவே ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்கும் வடிவத்துக்குக் கோப்பை மாற்றிக்கொள்வதே நல்லது. புரோரெஸ் புராக்ஸி, டிஎன்எக்ஸ்எச்டி, மோஷன் ஜேபெக் எல்லாம் அந்த வகைதான். மாற்றுவதற்கு, இலவசமாகக் கிடைக்கும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் போதும். கோப்பு பருத்துவிடும்: 1920×1080 அளவில், நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் பத்து நிமிடப் படம் புரோரெஸ் புராக்ஸியில் ஏறக்குறைய 3 ஜிபி. டிஸ்க் சுமக்கட்டும், பிராசஸர் மூச்சுவிடும். படத்தின் அளவை 1280×720க்குக் குறைத்தாலும் குடி முழுகிவிடாது. உறுமி அடிக்க 4கே எதற்கு?

செல்போனில் எடுத்த காட்சி என்றால் இன்னொரு வம்பு உண்டு. வெளிச்சம் குறையும்போது பல போன்கள் ஃபிரேம் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். கோப்பை மாற்றும்போதே நொடிக்குச் சீரான 25 ஃபிரேமுக்குக் கொண்டுவந்து, இசை மென்பொருளிலும் அதே எண்ணை வைக்க வேண்டும். 29.97 ஃபிரேம் படத்தை 30 என்று எடுத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி விலகிவிடும்.

படம் வழுக்கிக்கொண்டு ஓடியும் உறுமி முந்துவதாகத் தோன்றினால், படம் பார்க்க இணைத்திருக்கும் டிவியைச் சந்தேகிக்கலாம். படத்தை மெருகேற்றிக் காட்ட அது நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த மெருகேற்றலைக் குறைக்கும் கேம் மோடுக்கு டிவியை மாற்றிப் பார்த்துவிட்டு, மிச்சத் தாமதத்தை ஈடுகட்ட மென்பொருளின் வீடியோ ஆஃப்செட் அமைப்பில் சரிசெய்யலாம். வேலை முடிந்ததும் எடிட்டருக்கு இந்த மாற்றிய வீடியோ பிரதி போக வேண்டியதில்லை. படத்தின் முதல் ஃபிரேமிலிருந்தே தொடங்கும் 48,000 ஹெர்ட்ஸ் வேவ் ஒலிக்கோப்பைக் கொடுத்தால், மூலப் படத்தோடு அவர் சேர்த்துக்கொள்வார்.