கை எட்டும் வரையில்தான் சரிபார்க்க முடியும்: ராக்கெட் ஏவுதலுக்கு முந்தைய வேலைகள்

விண்ணுக்குப் போய்விட்ட செயற்கைக்கோளின் ஒரு திருகாணியைக்கூடத் தொட்டு இறுக்க முடியாது என்பது அநேகமாக எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நிலை விண்ணில் தொடங்குவதில்லை. ராக்கெட் புறப்படுவதற்குப் பல நாட்களுக்கு முன்பே, ஏவுதள வளாகத்திலேயே, படிப்படியாகத் தொடங்கிவிடுகிறது. எது முன்னால், எது பின்னால் என்ற வேலைகளின் வரிசை பெரும்பாலும் இதை வைத்தே முடிவாகிறது. இனிமேல் கை எட்டாத இடத்தை இப்போதே சோதித்துவிட வேண்டும். ஆபத்தான வேலையை இயன்றவரை கடைசிக்குத் தள்ள வேண்டும்.

செயற்கைக்கோள் வந்து இறங்கியதும் தூசி வடிகட்டப்பட்ட தூய அறைக்குள் கொண்டுசெல்லப்படுகிறது. கேமராவின் கண்ணாடியில் படியும் மெல்லிய படலமே படத்தை மங்கச் செய்யும் என்பதால், அங்கு வேலை செய்பவர்கள் தலைமுதல் கால்வரை மூடிய உடை அணிகிறார்கள். காற்றின் ஈரப்பதத்தையும் நடுத்தரமாக வைத்திருக்க வேண்டும். மிகுந்தால் உலோகப் பரப்பில் நீர் கோக்கும், குறைந்தால் நிலைமின்சாரம் சேர்ந்து மின்னணுச் சில்லுகளைப் பழுதாக்கும். பயணத்தில் எதுவும் தளரவில்லை என்பதை மின்சோதனைகள் காட்டிய பிறகே அடுத்த வேலை.

அந்த வேலை எரிபொருள் நிரப்புவது. பல செயற்கைக்கோள்கள் ஹைட்ரசீன் வகை எரிபொருளையும் அதை எரியவைக்கும் நைட்ரஜன் டெட்ராக்சைடையும் சுமக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று தொட்ட கணமே, தீப்பொறி எதுவும் இல்லாமல், பற்றிக்கொள்ளும். விண்ணில் இயந்திரத்தை நினைத்தபோதெல்லாம் இயக்க உதவும் இந்தக் குணமே தரையில் பெரும் அபாயம். போதாக்குறைக்கு இரண்டுமே கொடிய நச்சுப் பொருட்கள். ஆகவே இரண்டையும் ஒரே நேரத்தில் கையாளுவதில்லை. ஒன்றை நிரப்பி, குழாய்களைத் துப்புரவாக்கிய பின்னரே மற்றொன்று. கூடத்தில் இருந்து மற்றவர்கள் வெளியேற்றப்பட, வெளிக்காற்று உள்ளே புகாத முழு உடையணிந்து தனிக்குழாய் வழியாக மூச்சுக்காற்று பெறும் சிலர் மட்டும் உள்ளே இருக்கிறார்கள். இந்தப் பணியாளர்களின் பொறுமையைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம். தொட்டி நிரம்பிய பிறகு, அருகில் செய்யும் ஒவ்வொரு சிறு வேலைக்கும் தனிப் பாதுகாப்பு விதிகள் வந்துவிடுகின்றன.

பிறகு, செயற்கைக்கோள் ராக்கெட்டின் தாங்கியோடு இணைக்கப்படுகிறது. பல ராக்கெட்டுகளில் இரண்டின் விளிம்புகளையும் சுற்றிப் பிடிப்பது இழுத்துக் கட்டிய ஓர் உலோகப் பட்டைதான். விண்ணில் அது அவிழ்க்கப்பட்டதும் விற்சுருள்கள் செயற்கைக்கோளைத் தள்ளிவிடும். 2021 நவம்பரில் பிரெஞ்சு கயானாவில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைத் தாங்கியோடு இணைக்க ஆயத்தம் செய்தபோது இந்தப் பட்டை திடீரென விடுபட்டது. அதிர்வினால் எந்தப் பாகமும் கெடவில்லை என்று உறுதிசெய்யும் கூடுதல் சோதனைகளுக்காக ஏவும் நாளே தள்ளிப்போயிற்று.

இணைத்ததும், உணர்கருவிகளையும் இயந்திர முனைகளையும் மூடிக் காத்த உறைகள் கழற்றப்படுகின்றன. அவற்றில் எண்ணிட்ட சிவப்புப் பட்டைகள் தொங்கும். கழற்றியவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியலோடு ஒப்பிட்ட பின்பே, ராக்கெட்டின் முனையில் செயற்கைக்கோளைச் சுற்றி மூடும் கூடான வெப்பக் கவசத்தின் இரு பாதிகளும் மூடப்படுகின்றன. ஓர் உறை உள்ளே தங்கிவிட்டால், அது காத்த கருவி விண்ணில் குருடாகிவிடும். கவசத்துக்குள் புறப்படும் வரை குளிரூட்டிய தூய காற்று செலுத்தப்படுகிறது. செயற்கைக்கோளின் மின்கலங்களுக்கு மின்சாரமும் அதன் நலம் பற்றிய தகவலும் ஒரு கம்பிவடம் வழியாகவே போய்வருகின்றன.

ராக்கெட்டின் திட எரிபொருள் அடுக்குகள் முன்பே நிரப்பி வைக்கப்படுபவை. ஆனால் மைனஸ் 183 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவ ஆக்சிஜனையும் மைனஸ் 253 டிகிரியில் கொதிக்கும் திரவ ஹைட்ரஜனையும் கடைசி மணி நேரங்களில்தான் நிரப்ப முடியும். முதலில் குழாய்களையும் தொட்டிகளையும் குளிரவைக்க வேண்டும். நிரப்பிய பின்னும் ஆவியாகிப் போகும் அளவை ஈடுசெய்துகொண்டே இருக்க வேண்டும். ஹைட்ரஜன் தொட்டியில் முன்பிருந்த காற்றை ஹீலியம் கொண்டு வெளியேற்றுகிறார்கள். அந்தக் குளிரில் நைட்ரஜனே உறைந்து கட்டியாகிக் குழாய்களை அடைத்துவிடும். ஹீலியம் மட்டுமே வாயுவாக நிற்கும்.

இதே நேரத்தில் பலூன்கள் மேல்வளிக் காற்றை அளந்து சொல்கின்றன. கடைசி நிமிடங்களில் கட்டுப்பாடு கணினிக்கு மாறுகிறது. அழுத்தம், வெப்பநிலை, மின்னழுத்தம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வரம்பை மீறினாலும் அது கவுன்ட்டவுனை நிறுத்திவிடும். அதற்கு முன்பு நிறுத்துவது மனிதர்களின் முடிவு. 2019 ஜூலை 15 அன்று சந்திரயான்-2 புறப்பட 56 நிமிடங்கள் இருக்கையில் அப்படித்தான் நிறுத்தப்பட்டு, ஜூலை 22 அன்று ஏவப்பட்டது. நிறுத்தியதும் குளிர் எரிபொருளை வடித்தெடுத்து, தொட்டிகளை மீண்டும் வாயுவால் கழுவி, அவை மெல்ல வெப்பமேறிய பிறகே பணியாளர்கள் ராக்கெட்டை நெருங்க முடியும். செயற்கைக்கோளோ அத்தனை நேரமும் மூடிய கவசத்துக்குள், அந்த ஒரே கம்பிவடத்தின் வழியாக மின்சாரம் பெற்றுக்கொண்டிருக்கும்.