பிரைமரி காம்ப்ளக்ஸ்னா என்ன? தமிழ்ல எப்படிச் சொல்றது?

குன்னூர், கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன் வீடுகள்ல "பாப்பாவுக்கு பிரைமரி காம்ப்ளக்ஸாம்"னு சாதாரணமா சொல்வாங்க, அப்போ டிபியானு கேட்டா மட்டும் "ஐயோ அது இல்லீங்க, இது வேற"னு பதறிடுவாங்க. வேற இல்லீங்க, டிபி கிருமி குழந்தை உடம்புல முதல் தடவையா நுழைஞ்ச இடத்துல உண்டாக்குற பாதிப்புக்குத்தான் அந்தப் பேரு. நிறைய பேருக்கு தானாவே ஆறிடும், சின்னக் குழந்தைங்களுக்குத்தான் அது நோயா முத்துற ஆபத்து அதிகம்.

பிரைமரினா முதல். காம்ப்ளக்ஸ்ங்கறது பின்னிச் சேர்ந்ததுனு அர்த்தம் வர்ற லத்தீன் சொல்லுல இருந்து வந்தது, நம்ம ஊர் கடை காம்ப்ளக்ஸுக்கும் அதே வேர்தான். ஆஸ்திரியாக்காரர் ஆன்டன் கோன் 1912ல குழந்தைங்க நுரையீரல்ல வர்ற முதல் புண்ணப் பத்தி விரிவா எழுதினாரு. அந்தப் புண்ணும், அதுல இருந்து நிணநீர் போய்ச் சேர்ற நுரையீரல் வேர்ப்பகுதில கட்டுற நெறியும், ரெண்டும் ஜோடியா இருக்கறதாலதான் காம்ப்ளக்ஸ்.

இதுல புண்ணு பெரும்பாலும் எக்ஸ்ரேல தெரியவே தெரியாது, டாக்டர் தேடுறது நெறிக்கட்டியத்தான். குழந்தைங்க சளிய துப்பாம முழுங்கிடும், கிருமியும் கொஞ்சமாத்தான் இருக்கும், அதனால சளி டெஸ்ட்ல பல நேரம் ஒண்ணும் சிக்காது, எக்ஸ்ரே மேல பாரம் விழறது அதனாலதான். ஆனா நேரா எடுத்த படத்துல இதய நிழலுக்குப் பின்னாடி நெறி மறைஞ்சுக்கும், பக்கவாட்டுல இன்னொரு படம் எடுத்தா பிடிபட வாய்ப்பு உண்டு. ஸ்வெட்டர், உள்பனியன், கழுத்துல தாயத்துனு எல்லாத்தையும் கழட்டினதும் குளிர்ல குழந்தை வீல்னு அழும், உடம்ப முறுக்கும், கொஞ்சம் சாஞ்சு நின்னாலே நிழல் மாறிடும். கைக்குழந்தைக்கு நெஞ்சுக்குள்ள இயல்பா இருக்குற தைமஸ் சுரப்பியே கட்டி மாதிரி தெரியும்! அதனால படத்த மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாது, மேன்டூ ஊசி (டிபி கிருமி உடம்புல நுழைஞ்சிருக்கானு தோல்ல போட்டுப் பார்க்கறது), வயித்து நீர் எடுத்து சிபிநாட் (கிருமியோட மரபணுவத் தேடுற டெஸ்ட்), வீட்ல நாள்பட்ட இருமல் யாருக்குனு விசாரிக்கறது எல்லாம் சேரணும். குழந்தைக்கு இது பெரும்பாலும் கூட இருக்குற பெரியவங்ககிட்ட இருந்துதான் வருது.

சிடி ஸ்கேன் நெறிய தெளிவா காட்டும், ஆனா கதிர்வீச்சு அதிகம், சந்தேகம் தீராதப்பதான் எடுக்கணும். தொண்டைக்குழி மேல, வெளில அல்ட்ராசவுண்ட் கருவிய வச்சும் நெஞ்சு நெறிய பார்க்கலாம், கதிர்வீச்சே கிடையாது. டிபி மூளை, முதுகெலும்புக்குப் பரவியிருக்கானு பார்க்கணும்னா எம்ஆர்ஐ.

இப்போ தமிழுக்கு வருவோம். டிபிக்கு ஏற்கெனவே இருக்குற பேருங்கள்ல காசம்ங்கறது வடமொழில இருமல், சயம்னா தேய்வு, எலும்புருக்கி நம்ம சொல்லு. 'முதனிலைத் தொகுதி'னு நேரா மொழிபெயர்த்தா ஒரு அம்மாவுக்கு என்னங்க புரியும்? 'முதல்நிலைக் காசநோய்'ங்கறதுதான் சரினு நான் நினைக்கறேன், நோய் பேரு அதுல மறையாம இருக்கு. எக்ஸ்ரேவுக்கு ஊடுகதிர் அருமையான சொல்லு, 1895ல அதக் கண்டுபிடிச்ச ஜெர்மன் விஞ்ஞானி ராண்ட்ஜன் என்ன கதிர்னு தெரியாம எக்ஸ்னு வச்சாரு, தமிழ்ல அது செய்யற வேலையே பேராயிடுச்சு.

இன்னொண்ணு, இங்க பனியும் விறகடுப்புப் புகையும் சேர்ந்து பாதிக் குழந்தைங்களுக்கு மூக்கு ஒழுகிட்டேதான் இருக்கும், ஒல்லியா சளியோட இருந்தா உடனே பிரைமரி காம்ப்ளக்ஸ்னு மாத்திரை ஆரம்பிக்கறதும் தப்பு, எத வச்சு சொல்றீங்கனு டாக்டர்கிட்ட தயங்காம கேளுங்க. உறுதியாயிடுச்சுனா கவர்மென்ட் ஆஸ்பத்திரில மருந்து இலவசம், டாக்டர் சொன்ன மாசக்கணக்கு முடியற வரைக்கும் நிறுத்தாம கொடுங்க, வீட்ல இருமறவங்களையும் கையோட கூட்டிட்டுப் போயி டெஸ்ட் எடுத்துடுங்க.