ஆண்டோசால்: எரிமலை இல்லாத நீலகிரியில் 'எரிமலை மண்'

ஆண்டோசால் என்ற சொல்லுக்கு வழக்கமாகக் கிடைக்கும் விளக்கம் 'எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான கருநிற மலைமண்' என்பது. ஜப்பானுக்கும் ஜாவாவுக்கும் இது சரியாகப் பொருந்தும். நீலகிரிக்கு வந்தால் இடிக்கும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2000 மீட்டருக்கு மேலே, சோலையும் புல்வெளியும் மாறிமாறி வரும் மேட்டுநிலத்தில் ஆண்டோசாலின் இயல்புகள் கொண்ட மண் இருக்கிறது. ஆனால் எரிமலை இல்லை, இருந்ததற்கான சாம்பல் படிவும் இல்லை. அப்படியானால் அகராதி வரி தவறா, மண்ணுக்கு வைத்த பெயர் தவறா?

பெயரிலிருந்தே தொடங்கலாம். ஜப்பானிய மொழியில் 'அன்' என்றால் இருண்ட, 'தோ' என்றால் மண். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் மண் அளவை செய்த அமெரிக்க மண்ணியலாளர்கள் 1947-இல் இந்தச் சொல்லைத் தங்கள் அறிக்கைகளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு மண்ணைக் குறிக்கும் 'சோலும்' என்ற லத்தீன் சொல்லின் வால் அதில் ஒட்டிக்கொண்டது. ஆக, ஆண்டோசால் என்பதைப் பிரித்தால் 'இருண்ட மண் மண்' என்று வரும். நாம் 'நடு சென்டர்' என்று சொல்வதில்லையா, அதே கதைதான்.

தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து பெயர் வந்தது என்று சிலர் எழுதுவதுண்டு. ஆண்டிஸ் மலையிலும் இந்த மண் நிறைய இருப்பதால் வரும் குழப்பம் அது. அந்தமானின் பாரன் தீவில் எரிமலை இருப்பதை வைத்து அந்தப் பக்கம் முடிச்சுப் போடவும் வேண்டாம். ஜப்பானிய உச்சரிப்புக்கு நெருக்கமாக எழுதினால் 'அந்தோ' என்றே எழுத வேண்டியிருக்கும். தமிழில் அது ஐயோ என்று பொருள்படும். இந்த மண்ணில் கொட்டிய உரம் என்ன ஆகிறது என்பதைப் பார்த்தால் அந்தப் பொருளும் பொருத்தமாகவே படும். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜப்பானிய விவசாயிகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் குரோபோக்கு. 'குரோ' என்றால் கருப்பு. 'போக்கு' என்பது காலை வைத்தால் மண் மெத்தென்று உதிர்ந்து அமுங்குவதைக் காட்டும் ஒலிக்குறிப்புச் சொல். 'பொலபொலவென்று இருக்கிறது' என்று நம் ஊரில் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். மண்ணியலாளர்கள் ஒரு முழுப் பக்கத்தில் அளந்து சொல்வதை அந்த ஒலிக்குறிப்பு ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறது.

எதை வைத்து அடையாளம் காண்பது?

முதலில் எடை. சாதாரண வயல் மண்ணின் பரும அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை இருக்கும். ஆண்டோசால் என்றால் 0.9 கிராமோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். தண்ணீரைவிட லேசு. பாதிக்கு மேல் இடைவெளி என்பதால் தண்ணீரை நிறையப் பிடித்துவைக்கும். ஈரமாக இருக்கும்போது விரலுக்கிடையே தேய்த்தால் வெண்ணெய் போல வழுக்கும், அழுத்தினால் உள்ளிருந்த நீர் சட்டென வெளியே வரும். ஆனால் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால், இந்த மண்ணில் சில வகைகள் பழைய அளவுக்குத் தண்ணீரை ஏற்பதே இல்லை.

அடுத்தது வேதியியல். அமில ஆக்சலேட் கரைசலில் கரைந்து வரும் அலுமினியத்தோடு, கரைந்த இரும்பில் பாதியைக் கூட்டினால் 2 சதவீதமாவது தேற வேண்டும். படிகமாக உறையாமல், சுறுசுறுப்பாக வினைபுரியும் நிலையில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பதற்கான அளவு இது. மூன்றாவது, மணிச்சத்தைப் பிடித்துவைக்கும் குணம்: பாஸ்பேட் கரைசலோடு மண்ணைக் கலக்கிவைத்தால் கரைசலில் உள்ளதில் 85 சதவீதமாவது மண்ணோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். 'அந்தோ' என்று சொன்னது இதற்குத்தான். மூட்டை மூட்டையாக சூப்பர் பாஸ்பேட் போட்டாலும் அலுமினியமும் இரும்பும் முந்திக்கொண்டு பிடித்துக்கொள்ளும், வேருக்குக் கிடைப்பது கொஞ்சம்தான்.

களத்திலேயே பார்க்க ஒரு சோதனை உண்டு. பினாப்தலீன் தோய்த்த தாளில் மண்ணை வைத்து சோடியம் ஃபுளோரைடு கரைசலை ஊற்றினால் தாள் சிவக்கும். அந்த உயிர்ப்புள்ள அலுமினியம்தான் சிவக்க வைக்கிறது. அது எரிமலையிலிருந்து வந்ததா, வேறெங்கிருந்தாவது வந்ததா என்பது தாளுக்குத் தெரியாது.

மேலே சொன்ன அளவுகோல்களில் எரிமலை என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான ஆண்டோசால்கள் எரிமலைச் சாம்பலில் பிறந்தவை என்பது உண்மை. உருகிய பாறை சட்டெனக் குளிரும்போது படிகமாவதற்கு நேரம் இல்லாமல் கண்ணாடியாக உறைகிறது. அந்தக் கண்ணாடி மழையில் வேகமாகச் சிதையும். வெளிவரும் அலுமினியமும் சிலிக்காவும் ஒழுங்கான களிக் கனிமமாக அடுக்கப்படுவதற்குள் அலோஃபேன், இமோகோலைட் என்ற அரைகுறை ஒழுங்குள்ள கனிமங்களாகிவிடும். ஆனால் வகைப்பாடு கேட்பது மண் இப்போது எப்படி இருக்கிறது என்பதை. பிறப்பிடத்தை அது கேட்பதில்லை.

நீலகிரியின் வழி

நீலகிரியும் பழனி மலையும் சார்னோகைட் பாறையால் ஆனவை. கொல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் சென்னைப் பல்லாவரம் பக்கத்திலிருந்து போனது. அந்தக் கல்லை வைத்துத்தான் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் இந்தப் பாறைக்குப் பெயர் வைத்தார். நீலகிரிப் பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. நேற்றுப் பெய்த சாம்பலுக்கு நேர் எதிர்.

இந்தப் பாறை வெப்பத்திலும் மழையிலும் நெடுங்காலம் சிதைந்ததில் சிலிக்கா கழுவிப் போய், கயோலினைட் களியும் அலுமினியம் மிகுந்த கிப்சைட்டும் இரும்பு மிகுந்த கோதைட்டும் தங்கின. சாலை வெட்டிய இடங்களில் தெரியும் செக்கச்செவேலென்ற ஆழமான அடுக்கு அதுதான். மண்ணியல் கணக்கில் அது கிழட்டு மண், சத்தெல்லாம் போன மண். மேலே மட்டும் கதை வேறு. உதகை, தொட்டபெட்டா உயரத்தில் குளிர் அதிகம், ஈரமும் அதிகம். இலையும் புல்வேரும் மெதுவாகத்தான் மக்கும், மக்கு சேர்ந்துகொண்டே போகும். மக்கிலிருந்து வரும் கரிம அமிலங்கள் கிப்சைட்டிலும் கோதைட்டிலும் இருக்கும் அலுமினியத்தையும் இரும்பையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தங்களோடு கட்டிப்போடுகின்றன. உலோகத்தோடு கட்டுண்ட மக்கை நுண்ணுயிர்கள் எளிதில் தின்ன முடியாது. அதனால் மக்கு இன்னும் சேர்கிறது, மேலடுக்கு இன்னும் கருக்கிறது.

முடிவில் கிடைப்பது லேசான, கருத்த, மணிச்சத்தை விடாமல் பிடிக்கும் மண். சாம்பலிலிருந்து அவசரமாக வந்த மண்ணும், கிழட்டுச் செம்மண்ணின் தலையில் நிதானமாக உருவான மண்ணும் ஒரே அளவுகோலில் தேறுகின்றன. நீலகிரி மண்ணை ஆராய்ந்த பிரெஞ்சு மண்ணியலாளர்கள் 2000-இல் இதை விரிவாக எழுதினார்கள். அலோஃபேன் இல்லாத ஆண்டோசால் என்று அதை வகைப்படுத்தினார்கள். நேபாள இமயமலையிலும் ஸ்பெயினின் கலீசியாவிலும் எரிமலைத் தொடர்பில்லாத இத்தகைய மண் பதிவாகியிருக்கிறது. நீலகிரி ஒரு விசித்திர விதிவிலக்கு இல்லை.

பயிருக்கு இதனால் என்ன? அலோஃபேன் வகையில் அலுமினியம் கனிமத்துக்குள் அடங்கிக் கிடக்கும். மக்கு-அலுமினிய வகையில் அமிலம் கூடினால் அலுமினியம் வெளியே வந்து வேரைச் சுடும். தேயிலைக்கு அது பிரச்சினை இல்லை. அலுமினியத்தைத் தன் முதிர்ந்த இலைகளில் சேர்த்துவைக்கும் செடி அது. பிஎச் 4.5 முதல் 5.5 வரை என்றால் செழிக்கும். கேரட், பீட்ரூட், பூண்டு போன்ற மலைக்காய்கறிகள் அப்படியில்லை, சுண்ணாம்போ டோலமைட்டோ இட்டு அமிலத்தைக் குறைக்க வேண்டும். மணிச்சத்தைத் தோட்டம் முழுக்கத் தூவுவதைவிட விதைக்கோ விதைக்கிழங்குக்கோ பக்கத்தில் பார் பிடித்து, மக்கிய தொழு உரத்தோடு சேர்த்து இடுவது மேல். மண்ணோடு கலக்கும் பரப்பு குறைந்தால் பிடிபடுவதும் குறையும்.

ஆண்டோசாலா, ஆண்டிசாலா?

இரண்டு எழுத்துக்கூட்டலும் புழங்குகின்றன, இரண்டும் சரி. உலக மண் வகைப்பாட்டில் அது ஆண்டோசால். அமெரிக்க வகைப்பாட்டில் ஆண்டிசால். அமெரிக்கர்கள் முதலில் இதை இளம் மண்களின் வரிசைக்குள் ஓர் உட்பிரிவாகத்தான் வைத்திருந்தார்கள். தனி வரிசை வேண்டும் என்று மண்ணியலாளர் கை ஸ்மித் 1978-இல் முன்மொழிந்தார், 1990-இல் அது 11-ஆவது வரிசையாக ஏற்கப்பட்டது. அதன் உட்பிரிவுகளில் பெரும்பாலானவை ஈரத்தையும் குளிரையும் வைத்துப் பிரிக்கப்படுகின்றன. நமக்கு அதைவிட உலக வகைப்பாட்டின் அடைமொழிகள்தான் உதவும்: கண்ணாடித் துகள் மிகுந்தது 'விட்ரிக்', அலோஃபேன் மிகுந்தது 'சில்-ஆண்டிக்', அலுமினியம் மக்கோடு கட்டுண்டது 'அலு-ஆண்டிக்'. நீலகிரி மண் மூன்றாவதில் சேரும். உலகம் முழுக்கச் சேர்த்தாலும் ஆண்டோசால்களின் பரப்பு சுமார் 11 கோடி ஹெக்டேர்தான், நிலப்பரப்பில் 1 சதவீதம்கூட இல்லை.

தமிழில் என்ன சொல்வது?

'எரிமலை மண்' என்பதை ஏற்க முடியாது. தக்காணத்து எரிமலைக் குழம்புப் பாறையில் விளைந்த கரிசலும் எரிமலை வழி வந்ததுதான், அது ஆண்டோசால் இல்லை. நீலகிரி மண் ஆண்டோசால், அது எரிமலை வழி வரவில்லை. இரண்டு பக்கமும் கிழியும் சொல் நமக்கு எதற்கு? 'சாம்பல் மண்' இன்னும் மோசம். போட்சால் என்ற வேறொரு மண்வகையின் ரஷ்யப் பெயருக்கே 'சாம்பலடி' என்று பொருள். தவிர, சாம்பல் சத்து என்றால் நம் விவசாயிகளுக்குப் பொட்டாஷ். 'கருமண்' என்றால் கரிசலோடும் ரஷ்யாவின் செர்னோசெமோடும் மோதும். பள்ளிப் புத்தகத்தில் வரும் 'காடு மற்றும் மலை மண்' ஓர் இடப்பெயர் மட்டும்தான், குணத்தைச் சொல்லாது.

என் தேர்வு 'இருண்மண்'. அருள், மொழி சேர்ந்து அருண்மொழி ஆவது போல இருள், மண் சேர்ந்து இருண்மண். ஜப்பானிய மூலத்தில் இருப்பது கருப்பு இல்லை, இருட்டு என்பதால் பொருளும் பிசகவில்லை. பிறப்பிடம் பற்றி இந்தச் சொல் எதுவும் சொல்லாது என்பது இதன் வசதி. 'ஆண்டிக் பண்பு' என்பதற்கு 'இருண்மண் இயல்பு' என்று எழுதலாம். சாம்பலில் பிறந்ததைத் தனியே சொல்ல வேண்டிய இடத்தில் 'எரிமலைச்சாம்பல் இருண்மண்', நீலகிரிக்கு 'மக்கு-அலுமினிய இருண்மண்'. ஆய்வுக் கட்டுரையில் ஆண்டோசால் என்றே எழுதினாலும் குற்றமில்லை, ஜப்பானியச் சொல்லை உலகமே கடன் வாங்கியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. நீலகிரி முழுவதும் இருண்மண் என்று எழுதிவிடக் கூடாது. மேட்டுநிலத்திலிருந்து இறங்க இறங்க வெப்பம் கூடி மக்கு குறையும், செம்மண் மேலே வந்துவிடும். மேலேயே கூட, பள்ளங்களில் நீர் தேங்கிய இடத்துக் கருப்பு வேறு. உதகைக்கு அருகிலுள்ள சாண்டிநல்லாவில் 20,000 ஆண்டுகளுக்கும் மேலான தாவர எச்சம் படிந்து கிடக்கும் சதுப்பு மண் பீட் வகை. கருத்திருந்தாலும், லேசாக இருந்தாலும் அது இருண்மண் ஆகாது.