ஷீட் போட்டால் குடிசை இல்லையாம்: கனவு இல்லம் கேட்பவர்கள் கவனிக்க வேண்டியவை

சித்திரை மாதம் நடுப்பகலில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே அரை மணி நேரம் உட்கார்ந்தால் தெரியும். குடத்துத் தண்ணீர்கூடச் சுடும். பக்கத்துக் கிராமத்தில் ஒரு அக்கா, பிள்ளைக்குத் தூளியை வீட்டில் கட்டாமல் புளியமரத்தில்தான் கட்டுவார். அவருக்குக் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கேட்டு நான்தான் மனு எழுதினேன். "இது ஷீட் வீடு, குடிசை இல்லை" என்று திருப்பிவிட்டார்கள். ஓலை ஒழுகியதால் வட்டிக்கு வாங்கிப் போட்ட ஷீட் அது.

கலைஞரின் கனவு இல்லம் தமிழ்நாடு அரசு 2024-இல் தொடங்கிய திட்டம். கிராமத்தில் குடிசையில் வாழ்பவருக்கு 360 சதுர அடி வீடு, 3.50 லட்சம் ரூபாய். தகுதியை முடிவு செய்வது கூரை. அதனால் குடிசைக் கணக்கெடுப்பில் உங்கள் குடிசை பதிவாகியிருக்கிறதா என்று ஊராட்சியில் கேட்காமல் ஓலையைப் பிரிக்காதீர்கள். குடிசையில் ஒரு பக்கம் மட்டும் ஷீட் இருந்தாலும் சிக்கல் வரும்.

அடுத்து பட்டா. இறந்துபோன மாமனார் பெயரிலேயே பல பட்டாக்கள் கிடக்கின்றன. பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் கேட்டால் தாலுகாவுக்குப் போ என்பார்கள், தாலுகாவில் விஏஓவைப் பார் என்பார்கள். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் சம்பளம். வாரிசுச் சான்றையும் பட்டா மாற்றத்தையும் பயனாளிகள் பட்டியல் வருவதற்கு முன்பே தொடங்குங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம், மனுவுக்கு ஒப்புகை வாங்குங்கள். கிராம சபையில் பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெயர் சேர்க்கப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பணம் மொத்தமாக வராது. அடித்தளம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை), கூரை என்று வேலை முடிய முடியத்தான் பில் போடுவார்கள், அதுவும் தாமதமாகும். ஆசைப்பட்டுப் பெரிதாக அஸ்திவாரம் போட்டு, லிண்டலோடு நிற்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

சரி, வீடு கிடைத்தாலும் வெயில் விடாது. 360-இல் 300 சதுர அடிக்கு கான்கிரீட் கூரை போட வேண்டும். வெறும் கான்கிரீட் பகலெல்லாம் காய்ந்து இரவெல்லாம் வெப்பத்தைக் கீழே இறக்கும். மீதி 60 சதுர அடிக்கு ஓடு போடலாம். ஓலையும் ஆஸ்பெஸ்டாஸும்தான் கூடாது. அந்த 60 அடியை மேற்குப் பக்கம் வைத்து அடுப்படி ஆக்குங்கள். சாயங்கால வெயில் படுக்கும் அறைச் சுவரில் விழாது, அடுப்புச் சூடும் தனியாகப் போய்விடும்.

எதிரெதிராக இரண்டு ஜன்னல் கட்டாயம் வேண்டும். காசு மிச்சம் என்று கொத்தனார் ஒன்றைக் குறைக்கப் பார்ப்பார். ஜன்னல் எங்கே என்பதை அஸ்திவாரம் தோண்டும்போதே பேசிவிடுங்கள், லிண்டல் வந்த பிறகு ஓவர்சியரும் மாற்றச் சம்மதிக்க மாட்டார். ஜன்னலுக்கு மேலே வெயில் மறைக்க சன்ஷேடும் போடச் சொல்லுங்கள். அப்புறம் மாடிக்குத் தட்டோடு (சூடு இறங்காமல் தளத்தின் மேல் பதிக்கும் தட்டை ஓடு) பதிக்க இப்போது கையில் காசு இல்லையென்றால், வருடா வருடம் பங்குனியிலேயே வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கை அடித்துவிடுங்கள்.