டேலண்ட்: தாலந்தா, திறமையா, திறனா?

"அந்தப் பிள்ளையிடம் டேலண்ட் இருக்கிறது" என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் ஏற்கெனவே கண்ணால் கண்ட ஒன்றையே சொல்கிறோம். பிள்ளை மேடையில் பாடியிருக்கும், அல்லது வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்றிருக்கும். அகராதிகளும் தயங்காமல் 'திறமை' என்று பொருள் தந்துவிடுகின்றன. மேடையே கிடைக்காத பிள்ளையைப் பற்றிப் பேச வரும்போதுதான் இந்தப் பொருள் போதவில்லை என்பது தெரிகிறது.

கிரேக்க மொழியில் 'தாலன்டன்' என்பது துலாக்கோலையும், அதில் நிறுக்கப்படும் எடையையும் குறித்த சொல். ஏதென்ஸ் வழக்கில் அது ஏறத்தாழ 26 கிலோ. அந்த எடையுள்ள வெள்ளி 6,000 திராக்மாவுக்குச் சமம். தொழில் தெரிந்த ஒருவரின் ஒருநாள் கூலி ஏறத்தாழ ஒரு திராக்மாவாக இருந்ததால், ஒரே ஒரு தாலன்டன் என்பது ஒருநாள்கூட ஓயாமல் உழைத்தாலும் 16 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கூலியாகும். இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்த இச்சொல், பணம் என்ற பொருளிலிருந்து மனிதருக்கு இயல்பாக வாய்த்த ஆற்றல் என்ற பொருளுக்கு நகர்ந்ததற்குக் காரணம் மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வரும் உவமை.

பயணம் புறப்படும் எஜமான் தன் ஊழியர்களிடம் பணத்தை ஒப்படைத்துச் செல்கிறான். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு அந்த இடத்தில், "அவனவனுடைய திறமைக்குத்தக்கதாக, ஒருவனிடத்தில் ஐந்து தாலந்தும், ஒருவனிடத்தில் இரண்டு தாலந்தும், ஒருவனிடத்தில் ஒரு தாலந்துமாகக் கொடுத்து" என்கிறது. மொழிபெயர்த்தவர்கள் கிரேக்கச் சொல்லைத் 'தாலந்து' என்று அப்படியே வைத்துக்கொண்டார்கள். தமிழ்க் கிறித்தவர்களிடையே "கடவுள் தந்த தாலந்து" என்ற வழக்கு இன்றும் உயிரோடிருக்கிறது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, ஒரே வாக்கியத்தில் திறமையும் தாலந்தும் தனித்தனியே நிற்பதுதான். இங்கே திறமை என்பது வாங்குகிறவன் கையாளும் வல்லமை. தாலந்து என்பது அவனிடம் வந்துசேர்ந்த பொருள். இரண்டையும் ஒன்றாக்கியது பிற்கால வழக்கு. ஒரு தாலந்து வாங்கியவன் அதை நிலத்தில் புதைத்து வைத்ததாக உவமை தொடர்கிறது. ஆனால் மேடையே கிடைக்காத ஏழைக் குழந்தைக்கு இந்த உவமையைப் பொருத்துவதில் ஒரு சிக்கல் உண்டு: அங்கே புதைத்தவனும் பெற்றவனும் ஒருவனே, இங்கே அப்படியில்லை.

தமிழில் 'திறம்', 'திறன்', 'திறமை' ஆகிய மூன்றும் ஒரே வேரின. "திறனறிந்து சொல்லுக சொல்லை" என்கிறது 644ஆம் குறள். சொல்பவர், கேட்பவர் ஆகிய இருவரின் திறங்களையும் அறிந்து சொல்ல வேண்டும் என்று இதற்கு உரை எழுதும் பரிமேலழகர், அத்திறங்கள் குடிப்பிறப்பு, கல்வி, ஒழுக்கம், செல்வம், உருவம், பருவம் என்பவற்றால் வரும் தகுதி வேறுபாடுகள் என்று விளக்குகிறார். பிறந்த குடியும் வீட்டுச் செல்வமும் திறத்தின் கணக்கில் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டிருக்கின்றன. நாம் அவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டதாக நம்புகிறோம். தேர்வுத்தாள் நீக்கியிருக்கிறதா என்பது வேறு கேள்வி.

அந்தக் குறளின் 'திறனறி' என்ற தொடரே இன்று தேர்வுகளின் பெயராகியிருக்கிறது. எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வில் மனத்திறனுக்கு 90 மதிப்பெண், பாடங்களுக்கு 90 மதிப்பெண். அதில் தேர்ந்தெடுக்கப்படுபவருக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கிராமப்புற ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குத் தமிழக அரசு நடத்தும் ஊரகத் திறனாய்வுத் தேர்வு, மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் எனத் தேர்ந்தெடுக்கிறது. இத்தொகையால் படிப்பு நிற்காமல் காக்கப்பட்ட வீடுகள் உண்டு, அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆயினும் இவை அளப்பது, பயிற்சிக் கையேடு வாங்கவும் மாலையில் உட்கார்ந்து படிக்கவும் முடிந்த பிள்ளையிடம் ஏற்கெனவே வெளிப்பட்டுவிட்ட திறமையைத்தான்.

வெளிப்படும் சூழலைப் பொறுத்து இந்த அளவு எவ்வளவு மாறும் என்பதற்கு பிரேசிலின் ரெசிஃபே நகரத்து ஆய்வு ஒன்று போதும். டெரெசின்யா காராஹர், டேவிட் காராஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகிய மூவரும் 1985இல் வெளியிட்ட அந்த ஆய்வில், தெருவில் தேங்காயும் பழமும் விற்றுவந்த 9 முதல் 15 வயது வரையிலான ஐந்து பிள்ளைகளிடம் ஆய்வாளர்களே வாடிக்கையாளராகப் போய்ப் பொருள் கேட்டனர். ஒரு தேங்காய் 35 குருசெய்ரோ என்றால் பத்துக் காய் எவ்வளவு என்ற கேள்விக்கு, 12 வயதுச் சிறுவன் மூன்று காய் 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, இன்னும் நான்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கணக்கிட்டு, 315ஐத் தொட்டு, 350 என்று முடித்தான். பத்தால் பெருக்கப் பூச்சியம் சேர்க்கும் பள்ளி வழியை அவன் பயன்படுத்தவில்லை. தெருவில் இப்பிள்ளைகளின் விடைகளில் 98 விழுக்காடு சரி. பின்னர் அதே வகைக் கணக்குகள் வெறும் எண்களாகக் கொடுக்கப்பட்டபோது சரியானவை 37 விழுக்காடுதான். பிள்ளைகள் அவர்களேதான், கேட்ட விதம்தான் மாறியது.

எனவே 'டேலண்ட்' என்ற ஒரு சொல்லுக்குத் தமிழில் இரண்டு சொற்கள் வேண்டும் என்பது என் கருத்து. 'உள்ளார்ந்த ஆற்றல்' போன்ற நீண்ட தொடர்களைத் தேட வேண்டியதில்லை. வேறுபாடு நம் வழக்கிலேயே இருக்கிறது. வயற்காட்டுப் பம்ப்செட்டின் தகட்டில் ஐந்து குதிரைத்திறன் என்று பொறித்திருக்கும். மின்சாரம் இல்லாமல் குழாய் ஒரு வாரம் வறண்டு கிடந்தாலும் அது ஐந்து குதிரைத்திறன் மோட்டார்தான். 'குதிரைத்திறமை' என்று யாரும் சொல்வதில்லை. அரங்கின் 'கொள்திறன்' காலி இருக்கைகளையும் சேர்த்தே எண்ணப்படுகிறது. 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லை ஆக்கியபோதும் 'திறமை'யை விட்டுத் 'திறன்' என்பதையே எடுத்துக்கொண்டோம். அந்தச் சொல்லைத் தேர்ந்த செவி நல்ல செவி. நிகழ்த்திக் காட்டப்பட்டதற்குத் திறமை என்றும், காட்ட வாய்ப்புக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உள்ளே இருப்பதற்குத் திறன் என்றும் வைத்துக்கொண்டால், தொலைக்காட்சி 'டேலண்ட் ஷோ' திறமை நிகழ்ச்சியாகும். படிக்க வழியில்லாத பிள்ளையிடம் இருப்பது திறன் ஆகும்.

இந்தக் கணக்கில் நம் தேர்வுகளின் பெயர்கள் ஏற்கெனவே சரியாக இருக்கின்றன, ஒரு குறையோடு. ஆங்கிலப் பெயரில் 'டேலண்ட் சர்ச்' என்று இருந்ததைத் திறனறித் தேர்வு, திறனாய்வுத் தேர்வு என்று தமிழாக்கியபோது அறிதலும் ஆய்தலும் வந்துசேர்ந்தன. 'தேடல்' மட்டும் விடுபட்டுவிட்டது.