ஐந்து மர ஏடுகளில் ஒரு விரல்பலகை

ஐந்து கல்யாணப் பத்திரிகைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, இரு முனைகளையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். சுலபமாக வளையும். வளைக்கும்போது ஓரத்தைக் கவனித்தால், அட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவி, விளிம்பு சின்னப் படிக்கட்டு போலச் சரிந்திருப்பது தெரியும். இப்போது அதே அட்டைகளுக்கிடையில் பசை தடவி, வளைத்த நிலையிலேயே இறுக்கிக் கட்டிக் காயவிடுங்கள். மறுநாள் கட்டைப் பிரித்தாலும் வளைவு போகாது. கையால் நிமிர்த்தப் பார்த்தாலும் முரண்டு பிடிக்கும். மரத்தில் விரல்பலகை செய்யும் தொழில் முழுவதும் இந்த ஒரு காரியத்தில்தான் நிற்கிறது.

விரல்பலகை என்பது ஸ்கேட்போர்டின் குட்டி வடிவம். ஃபிங்கர்போர்டு என்பார்கள். நீளம் 10 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, அகலம் பெரும்பாலும் 32 முதல் 34 மி.மீ. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டு கால்களாக அதன் மேல் நிற்கும். அமெரிக்க ஸ்கேட்போர்டு வீரர் லான்ஸ் மவுன்டன், வீட்டிலேயே செய்த ஒன்றை 1985-ல் வந்த ஒரு வீடியோவில் ஓட்டிக் காட்டினார். 1990களின் இறுதியில் டெக் டெக் என்ற பிளாஸ்டிக் பொம்மை கடைகளை நிறைத்தது. அதில் மனம் நிறையாதவர்கள் மரத்துக்கு வந்தார்கள். ஜெர்மனியில் பெர்லின்வுட் என்ற பெயர் அப்படித்தான் வளர்ந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் மைக் ஷ்னைடர் பதின்ம வயதில் தொடங்கிய ஃப்ளாட்ஃபேஸும் அப்படித்தான். இன்றைக்கும் பல ஊர்களில், பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, மாலையில் ஒரு மேசையும் இறுக்கிப் பிடிக்கும் இரண்டு கிளாம்ப்புமாகத் தனியாளாய் இதைச் செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள்.

சரி, பசை என்ன மாயம் செய்கிறது?

பலகைக்கு எடுக்கும் வெனீர் ஏடு, அதாவது மெல்லிய மரத்தாள், ஒவ்வொன்றும் சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன். பெரும்பாலும் மேப்பிள் மரம். ஒரு பட்டையின் விறைப்பு தடிமனைவிடப் பல மடங்கு வேகமாக ஏறும்: தடிமன் 2 மடங்கானால் விறைப்பு 8 மடங்கு, 5 மடங்கானால் 125 மடங்கு. இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு ஏட்டின் விறைப்பு 1 என்றால், ஒட்டாமல் அடுக்கிய ஐந்து ஏடுகளின் விறைப்பு வெறும் 5. அவை ஒன்றின் மேல் ஒன்று நழுவுவதால் ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு வளைகிறது. ஒட்டிய பிறகு நழுவ வழியில்லை. ஐந்தும் சேர்ந்து ஒரே கெட்டிப் பட்டையாகிவிடுவதால் விறைப்பு 125. அதே மரம்தான், மெல்லிய பசைக்கோடு நான்கு சேர்ந்ததும் 25 மடங்கு விறைத்துவிட்டது. வளைக்கும்போது இளக்கமாகவும், வளைத்த பின் இறுக்கமாகவும் இருக்கும் பொருள் வேண்டுமென்றால் இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பசை காயும்வரை ஏடுகளை வளைவாக அழுத்தி வைத்திருப்பது ஓர் அச்சு. அதைத் திறந்ததும் மரம் பழையபடி நிமிரத்தான் பார்க்கும். ஆனால் எவ்வளவு திரும்பும் என்பதும் இதே கணக்கில் வருகிறது. ஐந்து ஏடு என்றால் வளைவில் ஏறத்தாழ 25-ல் ஒரு பங்குதான் போகும், அதாவது 4 சதவீதம். இரண்டே ஏடு என்றால் கால்வாசி வளைவு போய்விடும். அனுபவப்பட்டவர்கள் அச்சு செதுக்கும்போதே வளைவைக் கொஞ்சம் கூட்டி வைப்பது இதற்காகத்தான்.

ஏடுகளை எந்தத் திசையில் அடுக்குவது என்பது அடுத்த விஷயம். மரம் நார் ஓடும் திசையில் பலசாலி, குறுக்கே நோஞ்சான். விறகு பிளந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அதோடு ஈரம் ஏறி இறங்கும்போது நார்த் திசையில் மரம் கிட்டத்தட்ட அசையாது, குறுக்கே நன்றாகவே விரிந்து சுருங்கும். பச்சை மேப்பிள் முழுக்க உலர்ந்தால் குறுக்கே 5 முதல் 10 சதவீதம் சுருங்கும். ஆகவே 1, 3, 5-ஆம் ஏடுகளை நீளவாக்கிலும், 2, 4-ஐக் குறுக்குவாக்கிலும் வைப்பது பலரும் கையாளும் ஒரு வரிசை. ஒரு ஏடு அகலத்தில் விரியப் பார்த்தால் பக்கத்து ஏட்டின் நார் அதைப் பிடித்துக்கொள்ளும். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. நடு ஏட்டுக்கு மேலே உள்ளது கீழேயும் அப்படியே இருந்தால் இரு பக்க இழுவையும் சமமாகி, பலகை முறுக்கிக்கொள்ளாது. ஈரக்காற்று அடிக்கும் கடலோர ஊரில் செய்து, குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்கு அனுப்பும் பலகைக்கு இந்தச் சமநிலைதான் உயிர். அங்கே போனதும் மரத்திலிருந்து ஈரம் வெளியேறத் தொடங்கும்.

கடினமான இடம் மூக்கும் வாலும், அதாவது பலகையின் முன்முனையும் பின்முனையும். நடுப்பகுதி குறுக்கே குழிவாகவும், இரு முனைகளும் மேல்நோக்கியும் வளைய வேண்டும். ஆரஞ்சுப் பழத்தின் மேல் காகிதத்தைச் சுற்றிப் பாருங்கள், எங்காவது சுருக்கம் விழும். ஒரு தாளை ஒரு திசையில் வளைக்கலாம், இரு திசையில் ஒரே இடத்தில் வளைக்க வேண்டுமானால் அது நீண்டு கொடுக்க வேண்டும். மரம் அவ்வளவு தாராளமாக நீளாது. முனை எழும்பத் தொடங்கும் அந்த இடத்தில்தான் விரிசல் விடும். அதனால் சிலர் ஏடுகளை வெந்நீரில் ஊறவைத்து, பசை இல்லாமல் ஒருமுறை அச்சில் அழுத்திக் காயவைத்துவிட்டு, அப்புறம்தான் ஒட்டுகிறார்கள். மரத்தின் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள், ஈரமும் சூடும் சேர்ந்தால் இளகிக் கொடுக்கும்.

ஒட்டுவதற்குத் தச்சர்களின் வெள்ளைப் பசையே போதும். அதில் பாலிவினைல் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கின் நுண்துகள்கள் நீரில் மிதக்கின்றன. நீரை மரம் உறிஞ்ச உறிஞ்சத் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று இணைந்து படலமாகும். திறந்த வெளியில் இது சீக்கிரம் நடக்கும். இறுக்கி மூடிய அச்சுக்குள் நீர் வெளியேற வழி குறைவு, விளிம்பு வழியாகத்தான் மெல்ல மெல்லப் போக வேண்டும். என் முதல் பலகையை மூன்று மணி நேரத்தில் ஆசை தாங்காமல் திறந்துவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு நாளில் மூக்குப் பக்கம் வாய் பிளந்துகொண்டது. இப்போது ஒரு இரவு முழுக்க விடாமல் கிளாம்ப்பைத் தொடுவதில்லை.

இவ்வளவு நுணுக்கம் ஒரு விளையாட்டுப் பொருளுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் 'ஆலி'யில் இருக்கிறது. கையால் தூக்காமல் பலகையைத் துள்ள வைக்கும் வித்தை அது. பின்விரல் வாலை அடித்து அழுத்துகிறது. பின்சக்கரங்களைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு மூக்கு எழும்புகிறது. வால் மேசையில் 'டக்' என்று மோத, மேசை அதைத் திருப்பித் தள்ளுகிறது. அந்தக் கணத்தில் முன்விரல் பலகையின் மேல் உராய்ந்தபடி முன்னால் நகர்ந்து, மூக்கைத் தணித்து, வாலை மேலே கொண்டுவந்து சமப்படுத்துகிறது. மோதும் நொடியில் வால் வளைந்து நெளிந்தால் அடித்த வேகம் வீணாகிவிடும். பிளாஸ்டிக் வால் மந்தமாக ஒலிப்பதும், மேப்பிள் வால் கணீரென்று ஒலிப்பதும் இதனால்தான். ஒரே தடிமனில் மரம் பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு விறைப்பு.

இதில் நேரம் ஒரு வேடிக்கை காட்டுகிறது. விரல்பலகை நீளத்தில் நிஜப் பலகையின் எட்டில் ஒரு பங்கு. ஆனால் புவியீர்ப்பு எட்டில் ஒரு பங்காகக் குறைவதில்லை. ஸ்கேட்போர்டு வீரர் 50 செ.மீ. துள்ளினால் சுமார் 0.64 நொடி காற்றில் இருப்பார். அதற்கு ஈடான விரல்துள்ளல் 6 செ.மீ. சொச்சம், நேரம் சுமார் 0.23 நொடி. கண்ணால் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் அசைவதற்கே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும். ஆகவே நடுவில் திருத்திக்கொள்ள அவகாசமில்லை. விரல் பழகிய பழக்கத்தில்தான் எல்லாம் நடக்கிறது. வாலின் கோணம் ஒரு பாகை மாறினாலும் பழகிய விரல் உடனே கண்டுபிடித்துவிடும். சக்கரத்தாங்கிகளுக்குப் போடும் எட்டுத் துளைகளில் ஒரு வரிசை அரை மில்லிமீட்டர் விலகினால் பலகை நேராக ஓடாது.

மேற்பரப்பும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். நிஜ ஸ்கேட்போர்டில் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான தாளை ஒட்டுவார்கள். விரலுக்கு அது ஆகாது, தோல் உரிந்துவிடும். இங்கே மெல்லிய ஃபோம் தாள். மிருதுவான ஃபோம் விரல்நுனியின் மேடுபள்ளங்களோடு படிந்துகொள்வதால், தொடும் பரப்பு கூடி, தோலைக் கிழிக்காமலே பிடிமானம் கிடைக்கிறது.

இனி, தனியாள் தொழிலாக இது எப்படி நிற்கிறது? ஒரு பலகைக்கு 11 செ.மீ.க்கு 4 செ.மீ. அளவில் ஐந்து ஏடுகள் வேண்டும். மொத்தம் 220 சதுர செ.மீ., ஒரு ஏ4 தாளில் பாதிகூட இல்லை. ஒரு சதுர மீட்டர் வெனீரில் சேதாரம் போக 40 பலகை தேறும். மரத்துக்கு ஆகும் காசு சொற்பம். இடம் அடைப்பது அச்சுதான். ஒரு அச்சுக்குள் ஒரு பலகை இரவெல்லாம் தூங்க வேண்டும், ஆகவே ஒரு அச்சு வைத்திருப்பவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பலகைதான். ஆனால் இந்தத் தாமதமே பகல்வேலை உள்ளவருக்கு வசதியாகவும் இருக்கிறது. இரவில் பத்து நிமிடம் பசை தடவி இறுக்கிவிட்டுப் படுக்கலாம். மறுநாள் மாலை துளை போட்டு, ரம்பத்தில் வெளிக்கோட்டை அறுத்து, அரத்தாலும் உப்புத்தாளாலும் விளிம்பை உருட்டி, வார்னிஷ் அடிக்கலாம். உலோகத் தாங்கிகளையும் குட்டி பேரிங் போட்ட சக்கரங்களையும் பலரும் வெளியில் வாங்கிக்கொள்கிறார்கள். அதில் தப்பில்லை, அவை வேறொரு கைத்திறன். வாங்குபவர் கொடுக்கும் விலை அந்த வளைவுக்கும், போன மாதம் வாங்கியதும் இந்த மாதம் வாங்குவதும் விரலுக்கு ஒன்றுபோலவே இருப்பதற்கும்தான். அதனால் அச்சு செதுக்க இரண்டு வாரம் செலவழிப்பவரை நான் மதிக்கிறேன். அந்த உழைப்பு அதில் பிறக்கும் ஒவ்வொரு பலகையிலும் இருக்கும்.

நடு ஏட்டுக்குச் சிவப்போ நீலமோ சாயம் ஏற்றும் வழக்கம் உண்டு. அழகுக்காக மட்டுமில்லை. முடிந்த பலகையைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் விளிம்பில் ஐந்து கோடுகள் தெரியும். சாயக்கோடு மூக்கிலிருந்து வால் வரை ஒரே தடிமனில் ஓடினால் அச்சின் அழுத்தம் எல்லா இடத்திலும் சமமாகப் பட்டிருக்கிறது. எங்காவது கோட்டுக்குப் பக்கத்தில் மயிரிழைக் கறுப்பு தெரிந்தால் அங்கே பசை பிடிக்கவில்லை. நான் பலகையைக் கையில் வாங்கியதும் அதன் மேல் உள்ள படத்தைப் பார்ப்பதில்லை, முதலில் அந்த விளிம்பைத்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன்.