இசைக்குறிப்பு மென்பொருளுக்குக் காசு கொடுக்கும் முன்

தேவாலயப் பாடகர் குழுக்களுக்கும் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு) அச்சிட்டுக் கொடுப்பது என் தொழில். காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுமா, இலவசமாகக் கிடைப்பதே போதுமா என்று கேட்டு வருகிறவர்களிடம், இன்று எழுதும் ஸ்கோரை, அதாவது எல்லாக் குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்த இசைப் பிரதியை, பத்து ஆண்டுகள் கழித்து எதில் திறப்பீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

1988இல் வெளிவந்து, இந்தத் தொழிலில் பலருக்குச் சோறு போட்ட ஃபினாலே என்ற கட்டண மென்பொருளை நிறுத்துவதாக 2024 ஆகஸ்டில் மேக்மியூசிக் நிறுவனம் அறிவித்தது. வாங்கியவர்களின் பிரதி அன்றே நின்றுவிடவில்லை என்றாலும், நாளை வரும் விண்டோஸிலும் மேக்கிலும் அது ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாததால், பழைய கோப்புகளை, பல இசைக்குறிப்பு மென்பொருள்களும் திறக்கும் பொது வடிவமான மியூசிக்எக்ஸ்எம்எல்லுக்கு மாற்ற உட்கார்ந்தேன். சுரமும் தாளமும் பாடல் வரிகளும் பெரும்பாலும் பத்திரமாக வந்தன. கையால் நகர்த்தி வைத்திருந்த ஸ்லர் வளைவுகளும் (சுரங்களைச் சேர்த்து இசைக்கச் சொல்லும் கோடுகள்) பக்க அமைப்பும் கலைந்துபோயின.

இலவச மென்பொருளான மியூஸ்ஸ்கோரின் மூல நிரல் பொதுவில் இருப்பதால், இன்று அதை நடத்துகிறவர்கள் விலகினாலும் வேறொருவர் தொடர முடியும். அதே பெயரில் நோட்டுகளைப் பகிரும் தளத்தின் சந்தா வேறு. மென்பொருளுக்கு அது தேவையில்லை. 1996இல் தொடங்கிய இன்னொரு இலவச மென்பொருளான லிலிபாண்டில் சுர எழுத்துகளையும் கால அளவு எண்களையும் தட்டச்சு செய்தால் அச்சுப் பக்கம் உருவாகும். அந்தக் கோப்பை நோட்பேடில்கூடத் திறந்து படிக்கலாம். பழகத்தான் பொறுமை வேண்டும்.

நான்கு குரல் கீர்த்தனைகளுக்கு மியூஸ்ஸ்கோர் தாராளமாகப் போதும். வாராவாரம் முப்பது வாத்தியங்களுக்குத் தனித்தனிப் பார்ட் (அந்தந்த வாத்தியத்துக்கு மட்டுமான தாள்) கொடுப்பவருக்கு, பல உருப்படிகளை ஒரே கோப்பில் வைத்துப் பக்க அமைப்பைப் பார்க்கும் டோரிகோ என்ற கட்டண மென்பொருளின் விலை உழைப்பில் திரும்பி வந்துவிடும். ஆனால் எதை வாங்கினாலும் கண்ணால் சரிபார்க்கும் வேலைக்கு ஓய்வில்லை. ஒருமுறை, விலை கொடுத்து வாங்கிய மென்பொருளில் நான் அச்சிட்ட வயலின் பார்ட்டில், வேகமாக ஓடும் சுரங்களுக்கு நடுவே பக்கம் முடிந்தது. ஒரு ஸ்டாண்டுக்கு இருவராக அமர்ந்திருந்தவர்களில் உள்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் தாளைத் திருப்ப, வயலின் ஒலி பாதியாகக் குறைந்தது. இரண்டு வரி முன்னால், வயலின் வாசிக்காமல் நிற்கும் ஓய்வில் பக்கத்தை முடித்திருந்தால் போதும்.

இப்போது ஒவ்வொரு வேலை முடிந்ததும் மூலக் கோப்பு, மியூசிக்எக்ஸ்எம்எல், பிடிஎஃப் மூன்றையும் ஒரே கோப்புறையில் வைக்கிறேன். தமிழ் வரிகள் இருந்தால் பிடிஎஃப்பை வேறொரு கணினியில் திறந்து, கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கவில்லை என்று பார்த்த பிறகே அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.